தெரிந்துகொண்டால் போதுமா? – திக்கிப் பேசுவோரும் கேட்போர் மனப்பான்மையும்



நான் பேச்சுப் பயிற்சி அளிப்பவள். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால்தான் எங்கள் தெருவில் எல்லோருக்கும் புரியும். திக்கிப் பேசும் பிள்ளையை என்னிடம் கூட்டி வரும் பெற்றோர், பிள்ளையின் பெயரைச் சொல்வதற்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். “மூணு வயசுல நாய் துரத்திச்சு மேடம், அன்னைலேருந்து இப்படி.” “பக்கத்து வீட்டுப் பையன் திக்குவான். அவனைப் பழிச்சுக் காட்டிக் காட்டி இவனுக்கே ஒட்டிக்கிச்சு.” “இவங்கப்பா சத்தம் போடறதைக் கேட்டாலே பய நடுங்கிருவான்.” பாட்டி உடன் வந்திருந்தால், மருமகள் வேலைக்குப் போவதுதான் காரணம் என்பார். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவிப் பார்த்தாயிற்று, கோயிலில் வேண்டிக்கொண்டாயிற்று என்பதும் வந்துவிடும். குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் இருந்ததா என்று நானாகக் கேட்டால்தான், “ஆமா, இவன் சித்தப்பாவுக்கு இருந்துச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன மேடம்?” என்ற பதில் வருகிறது.

இந்தக் காரணங்களை அறியாமை என்று தள்ளிவிடலாம். நான் அப்படித் தள்ளுவதில்லை. எது காரணம் என்று நம்புகிறோமோ, அதற்கேற்பத்தான் பிள்ளையை நடத்துகிறோம். பயம் காரணம் என்றால் “தைரியமாப் பேசுடா” என்போம். பழிப்புக் காட்டியது காரணம் என்றால் அடிப்போம். மற்றப் பிள்ளைகளை அவனோடு சேரவிட மாட்டோம். தாய் காரணம் என்றால் அவள் கண் கலங்கும்வரை விடமாட்டோம். நாம் நம்புகிற காரணம், திக்கும் பிள்ளையின் அன்றாடத்தை அப்படியே மாற்றிவிடுகிறது. ஆகவே இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இதுதான்: சரியாகத் தெரிந்துகொண்டால் நம் மனப்பான்மை சரியாகிவிடுமா? ஓரளவுக்குத்தான் என்பது என் முடிவு. அந்த ஓரளவு எவ்வளவு என்பதைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

முதலில் திக்கலைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லின் முதல் ஒலி திரும்பத் திரும்ப வருவது, ஒலி நீண்டுபோவது, ஒலியே எழாமல் தொண்டையில் அடைத்து நிற்பது, இம்மூன்றும்தான் திக்கல். பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் தொடங்கும். 100 குழந்தைகளில் 5 பேருக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் இது வருகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடுகிறது. வசம்பும் வேண்டுதலும் பலித்ததாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். பெரியவர்களில் ஏறத்தாழ 100க்கு ஒருவருக்குத் தங்கிவிடுகிறது. அந்தக் கணக்கைத் தமிழ்நாட்டின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் சுமார் ஏழு லட்சம் பேர். பெரியவர்களில் பெண் ஒருவருக்கு ஆண் நால்வர் என்ற விகிதம். அறிவுக்கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இத்தனையும் தெரிந்தவர்கள்கூட “பயந்த சுபாவம்” என்ற எண்ணத்தை விடுவதில்லை. எழுத்தறிவு இல்லாதவர்களின் எண்ணம் என்று இதை நினைத்துவிட வேண்டாம். 1970இல் அமெரிக்காவில் யாயிரி, வில்லியம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், பள்ளிகளில் பணியாற்றும் பேச்சுப் பயிற்சியாளர்களிடமே திக்கிப் பேசும் சிறுவர்களின் இயல்பைக் கேட்டார்கள். பதற்றம், கூச்சம், ஒதுங்கும் குணம் என்றே பட்டியல் வந்தது. அதாவது என் தொழிலைச் செய்கிறவர்கள் சொன்னது. 1976இல் வுட்ஸும் வில்லியம்ஸும் பல தரப்பினரிடம் கேட்டபோதும் பட்டியல் பெரிதாக மாறவில்லை. அதன்பின் ஆசிரியர்களிடம் நடந்த ஆய்வுகளும் இதே பாதையில்தான் போயின.

இந்தப் பட்டியல் எப்படி எல்லோர் வாயிலும் ஒரே மாதிரி வருகிறது? கனடாவைச் சேர்ந்த மெக்கின்னன், ஹால், மெக்கின்டயர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விளக்கத்தைச் சோதித்துப் பார்த்தது. எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. சரளமாகப் பேசுகிறவருக்கும் எப்போதாவது நாக்குக் குழறும். எப்போது? முதன்முதலில் மைக் முன் நிற்கும்போது, நேர்காணலில், போலீஸ்காரர் வண்டியை நிறுத்தும்போது. அந்த நேரத்தில் அவருக்குள் இருப்பது பதற்றம். ஆகவே இன்னொருவர் திக்குவதைக் கேட்டதும், தன் நினைவிலிருந்து அந்தப் பதற்றத்தை எடுத்து அவர்மீது ஏற்றிவிடுகிறார். “இவர் எப்போதும் திக்குகிறார், அப்படியானால் எப்போதும் பதற்றத்தில் இருப்பவர்” என்று கணக்கு முடிந்துவிடுகிறது. பிறகு அந்த எண்ணத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வார். முழுவதுமாக விட மாட்டார்.

யோசித்துப் பாருங்கள், இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கேட்பவர் தன் சொந்த அனுபவத்தையே சான்றாக வைக்கிறார். அனுபவத்திலிருந்து வந்ததால்தான் அதை அசைப்பது கடினம். புத்தகத்தில் படித்த தவறை இன்னொரு புத்தகம் திருத்தலாம். தன் நாக்கே சொன்னதாக நம்புகிற ஒருவரைத் திருத்துவது எப்படி?

வல்லுநர்கள் திருத்தியிருக்க வேண்டும். அவர்கள் செய்தது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அறிவு என்றாலே அது நல்லது செய்யும் என்று நம்புகிற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது.

1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். ஒட்டு அறுவையில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். குறை நாக்கில் இருக்கிறது என்று முடிவு செய்து, திக்கிப் பேசுவோரின் நாக்கின் அடிப்பகுதியில் ஆப்பு வடிவில் சதையை வெட்டி எடுத்தார். ஈதர் மயக்கமருந்து பொதுவில் செய்து காட்டப்பட்டது 1846இல். அப்படியென்றால் இந்த அறுவைகள் எப்படி நடந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களிலும் சில மருத்துவர்கள் இதைப் பின்பற்றினார்கள். எல்லோரும் படித்தவர்கள், எல்லோரும் அன்றைய அறிவின்படியே நடந்தவர்கள்.

அடுத்த நூற்றாண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் திக்கல் ஆய்வின் தலைமையிடமாக ஆனது. அங்கே டிராவிஸ் என்பவர், மூளையின் இரு பாதிகளில் எது ஆள்வது என்ற போட்டியே திக்கலுக்குக் காரணம் என்று கருதினார். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கைக்கு மாற்றினால் திக்கல் வரும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் பரவியது. வலக்கையைக் கட்டிப்போட்டு இடக்கையைப் பழக்கிப் பார்த்தார்கள். அங்கே மாணவராக வந்து சேர்ந்தவர் வென்டல் ஜான்சன். 1906இல் பிறந்தவர், கடுமையாகத் திக்கிப் பேசியவர். இந்தக் கை மாற்றும் சிகிச்சையை அவரும் செய்து பார்த்தார், பலன் இல்லை. தான் சிறுவனாக இருந்தபோது ஓர் ஆசிரியர், “உங்கள் பிள்ளை திக்கத் தொடங்குகிறான்” என்று பெற்றோரிடம் சொன்னதும் அவருக்கு நினைவில் இருந்தது. திக்கல் உண்மையில் அந்த ஆசிரியரின் சொல்லிலிருந்துதான் பிறந்ததோ என்று அவர் எண்ணத் தொடங்கினார். குழந்தைகள் எல்லோரும் பேசக் கற்கும்போது தடுமாறுவார்கள். அதைத் திக்கல் என்று பெற்றோர் பெயரிட்டுக் கவலைப்படும்போதுதான் குழந்தை பயந்து திக்கத் தொடங்குகிறது என்பது அவர் கொள்கையாக வளர்ந்தது.

1939இல் அவருடைய மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற முதுகலை மாணவி இதைச் சோதிக்கப் போனார். டேவன்போர்ட் என்ற ஊரிலிருந்த அனாதை இல்லத்தின் 22 குழந்தைகள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். சரளமாகப் பேசிய ஆறு பேரிடம், “உனக்குத் திக்கல் வருகிறது, நிறுத்து, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே” என்ற பொருள்படச் சில மாதங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. இல்லத்தைச் சேர்ந்தவர்களுக்கும் அப்படியே நம்பும்படி சொல்லப்பட்டது. அந்த ஆறு பேருக்கும் திக்கல் வந்ததா என்றால், தரவுகளைப் பின்னாளில் மறுபடி ஆராய்ந்த யாயிரியும் ஆம்ப்ரோஸும் அதற்குச் சான்று இல்லை என்றே சொல்கிறார்கள். வந்தது வேறொன்று. அந்தக் குழந்தைகள் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள், கூச்சப்பட்டார்கள், படிப்பிலும் பின்தங்கினார்கள். டியூடர் பிறகு திரும்பிச் சென்று அவர்களைத் தேற்ற முயன்றார். பெரிதாகப் பயன் இல்லை. ஆய்வேடு நூலகத்தில் கிடந்தது. 2001இல் சான் ஹோசே மெர்குரி நியூஸ் என்ற நாளிதழ் இதை வெளிக்கொண்டு வந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு தந்து வழக்கை முடித்துக்கொண்டது.

ஜான்சனைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திக்குவோருக்கு மனநோய் இல்லை, மூளைக் கோளாறு இல்லை, அவர்களும் மற்றவர்களைப் போன்றவர்களே என்று நிறுவத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் உழைத்தார். ஆனால் அவர் கொள்கை உலகம் முழுவதும் பாடநூல்களில் ஏறி, ஒரு தலைமுறைத் தாய்மார்களின் தலையில் இறங்கியது. பெற்றோர் காதில்தான் திக்கல் பிறக்கிறது என்றால் குற்றவாளி யார்? அதனால்தான், “கண்டுகொள்ளாதீர்கள், பெயர் சொல்லாதீர்கள், குழந்தைக்குத் தெரியவே கூடாது” என்ற அறிவுரை கிளம்பியது. நம் ஊர் மருத்துவர்கள் சிலரிடம் இன்றும் இது கேட்கிறது. குழந்தைக்கோ நன்றாகவே தெரியும். மூன்று வயதிலேயே சில குழந்தைகள் சரளப் பேச்சையும் திக்கலையும் வேறுபடுத்துகின்றன, ஐந்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தெரிந்துவிடுகிறது என்று இஸ்ரேலில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஒன்றைப் பேசாமல் தவிர்க்கிறார்கள் என்றால், அது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்றுதானே பிள்ளை புரிந்துகொள்ளும்?

அந்த அறிவுரையை உடைத்தது சிட்னியில் உருவான லிட்கோம் முறை. அதில் பெற்றோரே வீட்டில் குழந்தையோடு பேசும்போது, தடையின்றி வந்த பேச்சைப் பாராட்டுவார்கள். எப்போதாவது, திக்கல் வந்ததை இயல்பாகச் சுட்டிக் காட்டவும் செய்வார்கள். ஜான்சன் சொன்னது சரியென்றால் அந்தக் குழந்தைகளின் திக்கல் முற்றியிருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர். 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற சிறு குழந்தைகளின் திக்கல் மற்றக் குழந்தைகளைவிடத் தெளிவாகக் குறைந்தது.

மரபணு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பாகிஸ்தானில் திக்கல் பல தலைமுறையாகத் தொடரும் குடும்பங்களை ஆராய்ந்து, காங்கும் டிரேனாவும் அவர்களுடைய குழுவினரும் 2010இல் சில மரபணு மாற்றங்களை அடையாளம் கண்டார்கள். செல்லுக்குள் கழிவகற்றும் நொதிகள் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்வதோடு தொடர்புடைய மரபணுக்கள் அவை. பேச்சுக்கும் அதற்கும் என்ன உறவு என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அவற்றில் ஒரு மாற்றத்தை எலிகளில் புகுத்திப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில், தாயைப் பிரிந்த எலிக்குட்டிகள் எழுப்பும் ஒலிகளுக்கிடையே நீண்ட இடைநிறுத்தங்கள் தெரிந்தன. எலிக்குட்டிக்கு அப்பாவின் கண்டிப்போ மேடைப் பயமோ காரணம் என்று எந்தப் பாட்டியும் சொல்ல முடியாது. 2025இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவலை வைத்து நடந்த ஆய்வு, திக்கலோடு தொடர்புடைய 57 இடங்களைச் சுட்டியது. ஒற்றை மரபணுவின் வேலை அல்ல இது என்பது தெளிவாகிவிட்டது. மூளைப் படங்களும் இடப்பக்கத்தில் பேச்சை இயக்கும் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளில் வேறுபாட்டைக் காட்டுகின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த சோமரும் அவர் குழுவினரும் 2002இலேயே அதை லான்செட் இதழில் வெளியிட்டார்கள்.

இனி உங்கள் வகுப்பறைக்கு வருகிறேன்.

காலையில் வருகைப் பதிவு எடுக்கிறீர்கள். “உள்ளேன் ஐயா” என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். திக்கும் பிள்ளை தன் எண் வருவதற்குப் பத்துப் பேர் இருக்கும்போதே எண்ணத் தொடங்கிவிடுவான். சொல்லை மாற்றிச் சொல்லிச் சமாளிக்கும் திறமை அவனுக்கு உண்டு, ஆனால் இங்கே மாற்று இல்லை. தன் பெயரைச் சொல்வதிலும் மாற்று இல்லை. அதனால்தான் திக்குவோரில் பலருக்குச் சொந்தப் பெயரே மிகக் கடினமான சொல்லாக இருக்கிறது. பெயர் கேட்டால் விழிக்கிறான் என்று நாம் சிரிக்கிறோம். தாம்பரம் என்று சொல்ல வராமல் அதற்கு அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு தாம்பரத்திலேயே இறங்கிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். நடத்துநருக்கு அதிகக் காசு போனதில் புகார் இல்லை.

அடுத்த பாடவேளை. வகுப்பே சேர்ந்து செய்யுளை ஒப்பிக்கிறது. அவனும் சேர்ந்து சொல்கிறான், ஒரு தடங்கல் இல்லை. உடனே அவனை மட்டும் எழுப்பித் தனியாகச் சொல்லச் சொல்கிறீர்கள். முதல் எழுத்திலேயே அடைத்துக்கொள்கிறது. “இப்பத்தானே சொன்ன? படிக்காம வந்துட்டு நடிக்கிறியா?” என்ற கேள்வி வந்துவிடுகிறது. நான் பார்த்த பெரியவர்களில் பலருக்குப் பள்ளி நினைவு என்றால் இந்தக் கேள்விதான். சேர்ந்து வாசிக்கும்போது, பாடும்போது, கிசுகிசுக்கும்போது, நாய்க்குட்டியோடு பேசும்போது திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். இது திக்கலின் அடிப்படை இயல்புகளில் ஒன்று. ஒரே நாளில் காலையில் நன்றாகவும் மாலையில் மோசமாகவும் இருக்கும், அதுவும் இயல்பே. ஆசிரியருக்கு இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் போதும், அந்தக் கேள்வி வாயிலிருந்து வராது. அறிவு மனப்பான்மையை மாற்றும் இடம் எது என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் காட்டுவேன். பெரிய கொள்கை ஒன்றும் வேண்டாம். எதிரில் நிற்கும் பிள்ளை செய்வதை நடிப்பு என்று தவறாகப் படிக்காமலிருக்க உதவும் சின்னத் தகவல் போதும்.

“மெதுவாப் பேசு, மூச்சை இழுத்து விட்டுட்டுப் பேசு” என்பதும் நல்லெண்ணத்தில் வருவதுதான். மூச்சு விடத் தெரியாதவன் இல்லை அவன். சொல்லை நாம் முடித்து வைப்பதும் உதவி போலத் தோன்றும். பாதி நேரம் அவன் சொல்ல வந்த சொல் அது அல்ல. அவனும் நம் முகம் வாடாதிருக்கத் தலையாட்டிவிடுவான். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள், அவ்வளவுதான். ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், தாமே திக்கிப் பேசியவர், திக்கலைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார்: வெளியே கேட்கிற தடங்கல் கொஞ்சம், உள்ளே இருக்கிற வெட்கமும் தவிர்ப்பும் பன்மடங்கு. அந்த உள்பகுதியை வளர்ப்பது பெரும்பாலும் கேட்பவர்களாகிய நாம்தான்.

இப்போது நான் முதலில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். தகவல் கொடுத்தால் மனப்பான்மை மாறுமா? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கென்னத் செயின்ட் லூயிஸ் என்ற பேராசிரியர் 1999இல் ஒரு பன்னாட்டு முயற்சியைத் தொடங்கினார். பல நாடுகளில் பல மொழிகளில் ஒரே வினாப்பட்டியலை வைத்துத் திக்குவோர் பற்றிய எண்ணங்களை அளக்கிறார்கள். திக்கலுக்குக் காரணம் மரபா, பயங்கர நிகழ்ச்சியா, கெட்ட ஆவியா, கடவுள் செயலா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். உங்கள் மருத்துவர் திக்கினால் கவலைப்படுவீர்களா என்றும் கேட்கிறார்கள். அந்தக் கடைசிக் கேள்வியை நீங்களும் உங்களையே கேட்டுக்கொள்ளலாம். காரணம் பற்றிய பதில் சரியாக இருந்தும், மருத்துவர் பற்றிய பதிலில் தயங்குகிறவர்கள் உண்டு. தெரிவது ஒன்று, உணர்வது இன்னொன்று.

2011இல் ஃப்ளினும் செயின்ட் லூயிஸும் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பயன்பட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஒரு பகுதியினருக்குத் திக்கல் பற்றித் தயாரித்த காணொளி காட்டினார்கள். இன்னொரு பகுதியினர் முன் திக்கிப் பேசும் ஒருவரே வந்து நின்று, நகைச்சுவையோடு தன் கதையைச் சொன்னார். இரண்டுமே எண்ணத்தை மாற்றின. நேரில் கேட்டவர்களிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. டெக்சாஸில் பர்டும் அவருடைய குழுவினரும் 2017இல் இன்னொன்றைக் கண்டார்கள். “நான் திக்கிப் பேசுவேன்” என்று ஒருவர் தொடக்கத்திலேயே தகவலாகச் சொல்லிவிட்டால் கேட்பவர்கள் அவரை மதிப்போடு பார்க்கிறார்கள். அதையே மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னால் அந்தப் பலன் கிடைப்பதில்லை.

மரபணு அறிவையும் எச்சரிக்கையோடுதான் பரப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மனநோய் பற்றி நடந்த ஆய்வுகளில், உயிரியல் காரணத்தைச் சொல்லும்போது பழி குறைகிறது, ஆனால் “இது மாறவே மாறாது” என்ற எண்ணம் கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். நம் ஊரில் “பரம்பரை” என்ற சொல் காதில் விழுந்ததும் பெண் பார்க்கும் படலத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாயைக் குற்றத்திலிருந்து விடுவித்த அதே செய்தி, மகளின் திருமணத்தைத் தடுக்கவும் கூடும். அதைச் சொல்லும்போதே, திக்கலோடு முழு வாழ்க்கை வாழ்கிறவர்களை அருகில் காட்டவும் வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்டவர்கள் பொதுவாழ்வில் இல்லாமலில்லை. 1957இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கிப் பேசியவர். நீங்கள் எப்போதும் திக்குவீர்களா என்று ஒருவர் கேட்டபோது, இல்லை, பேசும்போது மட்டும்தான் என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். மலையாளிகள் அவரை மேடையில் பல பத்தாண்டுகள் கேட்டார்கள். மேடைப்பேச்சையே அரசியலின் உயிராக வளர்த்த நம் மாநிலத்தில் அடுக்குமொழி வராதவருக்கு அந்தப் பொறுமை கிடைத்திருக்குமா என்பது எனக்கு ஐயம். தமிழின் மேடைப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் சரளத்தையே அறிவு என்று எண்ணும் பழக்கமும் அந்த மேடையிலிருந்துதான் நமக்கு வந்தது.

திரைப்படமோ இதில் எந்தப் பக்கமும் போகும். நம் படங்களில் திக்குகிறவர் நகைச்சுவைக் காட்சிக்கு வருகிறவர். இந்தியில் 1993இல் வந்த டர் படத்தில் அவர் கொடியவர். 1988இல் வந்த ‘எ ஃபிஷ் கால்டு வாண்டா’ என்ற ஆங்கிலப் படத்தில் திக்குகிறவராக நடித்தவர் மைக்கேல் பேலின். அந்தப் பாத்திரத்தைத் திக்கிப் பேசுவோரில் பலர் கண்டித்தார்கள். பேலினின் தந்தையே திக்கிப் பேசியவர். லண்டனில் 1993இல் திறக்கப்பட்ட சிறுவர் சிகிச்சை மையத்துக்குத் தம் பெயரைத் தர அவர் இசைந்தார். கண்டனத்தை இப்படியும் எதிர்கொள்ளலாம் என்று நம் நடிகர்களுக்கு யாராவது சொன்னால் நல்லது. 2015இல் மலையாளத்தில் ‘சு சு சுதி வாத்மீகம்’ திக்கும் இளைஞனையே நாயகனாக வைத்தது.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் பேச்சு, மொழிக் குறைபாடும் உண்டு. குரல்வளையை அகற்றியதால் வருவதும் மூளைப் பாதிப்பால் பேச்சிழப்பதும் அங்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. திக்கல் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. வாய்மொழித் தேர்விலும் வேலை நேர்காணலிலும் கூடுதல் நேரம் கேட்க விரும்பும் இளைஞர், எந்தப் பிரிவைக் காட்டிக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்.

மாணவ ஆசிரியர்களே, ஆண்டுதோறும் அக்டோபர் 22 பன்னாட்டுத் திக்கல் விழிப்புணர்வு நாளாக 1998 முதல் நினைவுகூரப்படுகிறது. நீங்கள் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அந்த நாளில் ஒரு கூட்டம் நடத்துங்கள். அதற்கு என்னைப் போன்ற வல்லுநர்களை அழைக்க வேண்டாம். நாங்கள் தரும் தகவலை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம். உங்கள் ஊரில் திக்கிப் பேசுகிற கடைக்காரரோ கணக்கு வாத்தியாரோ வங்கி ஊழியரோ இருப்பார். அவருக்கு விருப்பம் இருந்தால் அவரைக் கூப்பிட்டு, தன் தொழிலைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசச் சொல்லுங்கள். பேச்சுப்போட்டிக்கு மேசையில் வைக்கும் மணியை மட்டும் அன்றைக்கு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.